மஞ்சள் கழுத்துக் குருவியும் சாலிம் அலியும்

சுண்டிக்குளத்துக்கு மாணவிகளை அழைத்துப் போன அன்று பெற்றோர் சிலரும் எங்களோடு வந்திருந்தார்கள். இயக்கச்சியில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, கட்டைக்காட்டுக் கரையோடு தெற்கே இறங்கினால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். நடுவில் மணலும் பனையும் முட்பற்றையும்தான். வெயில் ஏறுவதற்கு முன்பே பஸ்ஸை நிறுத்திவிட்டோம். களப்பின் ஆழமில்லாத பக்கத்தில் பூநாரைகள் நின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பில் யாரோ கோடு இழுத்துவிட்டது போல இருந்தது. பைனாக்குலர் இரண்டுதான் இருந்தது. அதற்காகப் பிள்ளைகள் பட்ட அவசரத்தைச் சொல்லி முடியாது.

பூநாரைகள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொரு மாணவியின் உம்மா வேறொன்றைக் கேட்டார். மகள் எந்நேரமும் முற்றத்தில் நின்று குருவிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, இதைப் பார்த்து என்ன கிடைக்கப் போகிறது என்பது அவருடைய கேள்வி. கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் விடை தேடலாம். முதற்கேள்விக்கு அங்கே ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்கு அவ்வளவு சுலபமான விடை இருப்பதாக நான் சொல்லமாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸின் இரைச்சலில் அரைகுறையாகச் சொன்ன அந்தக் கதையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில், சுலைமானி போறா குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். வாப்பா மொயிசுத்தீன் மௌத்தானபோது பிள்ளைக்கு வயது ஒன்று. மூன்று வயதில் உம்மா ஸீனத்துன்னிஸாவும் போய்விட்டார். அநாதையாகிவிட்ட பிள்ளைகளை உம்மாவின் சகோதரர் அமீருத்தீன் தய்யிப்ஜி எடுத்து வளர்த்தார். அவருக்கும் அவரது மனைவி ஹமீதா பேகத்துக்கும் சொந்தப் பிள்ளைகள் இல்லை. கேத்வாடி என்ற இடத்திலிருந்த அந்த வீட்டில் இப்படி வந்து சேர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர். நம் வாசகிகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி: சாலிம் அலி முதன்முதலில் படித்தது ஒரு பெண்கள் பாடசாலையில். இரண்டு சகோதரிகள் அங்கே படித்ததால் சின்னத் தம்பியையும் கூடவே அனுப்பிவிட்டார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அக்காலத்து வசதியான வீடுகளில் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போல. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் சாலிம் ஒரு குருவியைச் சுட்டு விழுத்தினார். பார்த்தால் வழக்கமான ஊர்க்குருவிதான். ஆனால் கையில் எடுத்தபோது கழுத்தில் கறி பட்டது போல ஒரு மஞ்சள் தடம் தெரிந்தது. இப்படியொரு குருவியை அவர் கண்டதில்லை. அது மட்டுமல்ல, இதைச் சாப்பிடுவது ஹலாலா என்ற சந்தேகமும் பிள்ளைக்கு வந்துவிட்டது. இரண்டு கேள்விகளையும் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனார்.

இந்த இடத்தில் பெற்றோர் சற்று நின்று வாசிக்க வேண்டும். மாமாவுக்கு அது என்ன குருவி என்று தெரியாது. தெரியாது என்பதற்காக அவர் பிள்ளையை விரட்டவும் இல்லை, வாயில் வந்த பெயரைச் சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. தெரிந்தவரிடம் போய்க் கேள் என்று ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். கடிதம் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்ட்டின் பெயருக்கு. 1883இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தில் அமீருத்தீனும் ஓர் உறுப்பினர்.

செத்த குருவியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பையன் போனான். வெள்ளைக்காரர் ஒருவரோடு அவன் நேருக்கு நேர் பேசியது அதுவே முதல் தடவை. உள்ளே போகவே கால் கூசியது. மில்லார்ட் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, அது மஞ்சள் கழுத்துக் குருவி என்ற வேறொரு இனம் என்று விளக்கினார். பிறகு அலுமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பதப்படுத்தி, பெயர்ச்சீட்டுக் கட்டி, வரிசையாக அடுக்கிய பறவைகள் நூற்றுக்கணக்கில் உள்ளே கிடந்தன. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது கையில் வாசிப்பதற்குப் புத்தகங்களும் இருந்தன. இது நடந்தது 1908 அளவில். ஏறத்தாழ எழுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு தன் வாழ்க்கையை எழுதியபோது, புத்தகத்தின் பெயரிலேயே அந்தக் குருவி விழுந்ததை வைத்தார். அது 1985இல் வெளிவந்தது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி ஓயாமல் வாட்டியதால் பள்ளிக்கூடம் அடிக்கடி தடைப்பட்டது. 1913இல் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் மயிரிழையில் தேறினார். கல்லூரியில் சேர்ந்து முதல் வருடத்திலேயே விட்டுவிட்டுப் பர்மாவுக்குப் போனார். அங்கே தவோய் என்ற இடத்தில் குடும்பத்தாருக்குச் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரத்தைக் கவனித்ததை விடக் காட்டைத்தான் அதிகம் கவனித்திருப்பார். பம்பாய்க்குத் திரும்பி வர்த்தகமும் கணக்கும் படிக்கும்போதே, பாதிரியார் பிளாட்டர் என்ற விஞ்ஞானியின் தூண்டுதலால் சேவியர் கல்லூரியில் விலங்கியல் வகுப்புக்கும் போனார். பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால், பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்தில் பறவையியலாளர் பதவி காலியாக இருந்தபோது அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தஹ்மினா பேகத்தை நிக்காஹ் செய்துகொண்டார். 1926இல் பம்பாய் நூதனசாலையில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். இரண்டு வருடம் செய்தபின், இது போதாது, முறையாகப் படிக்க வேண்டும் என்று விடுமுறை எடுத்துக்கொண்டு ஜேர்மனிக்குப் போனார். பேர்லினில் ஸ்ற்றெஸ்மன் என்ற பேராசிரியர் அவருக்கு ஆசானாக அமைந்தார். பறவைகளை உயிரோடு பிடித்துக் காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிடும் வித்தையை வடகடலிலுள்ள ஹெலிகோலாந்துத் தீவில் பழகினார்.

1930இல் திரும்பி வந்தபோது நூதனசாலையில் அவருடைய கதிரை இல்லை. காசில்லை என்று சொல்லி அந்தப் பதவியையே நீக்கிவிட்டிருந்தார்கள். வயது முப்பத்துமூன்று. மேல்நாட்டில் படித்து வந்தவருக்கு வேலையில்லை. நம் ஊரில் இப்படி ஒருவர் திரும்பி வந்தால் மாமிமாரும் சாச்சிமாரும் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பம்பாய்ச் செலவு தாங்காமல் தம்பதிகள் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. செய்வதற்கு வேறு உத்தியோகம் இல்லாத மனிதர் அதைப் பார்க்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் பார்த்தார், எழுதி வைத்தார்.

தூக்கணாங்குருவியின் கூட்டைத் தமிழர் கவிதையில் எவ்வளவோ வியந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. கூட்டைக் கட்டுவது ஆண்குருவி. முழுதாகக் கட்டாது; பாதியில், கவிழ்த்து வைத்த கூடை போன்ற நிலையில் நிறுத்திக்கொள்ளும். பிறகு பெண்குருவிகள் வீடு பார்க்க வரும். உள்ளே புகுந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். ஒரு பெண்குருவிக்குப் பிடித்து அது உள்ளே குடிவந்தால்தான், ஆண்குருவி நீண்ட வாசற்குழாயைப் பின்னிக் கூட்டை முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது இவர் அங்கே நிற்கமாட்டார். பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கத் தொடங்கிவிடுவார், அடுத்த பெண்குருவி வீடு பார்க்க வருவதற்கு. ஒரு பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகள், பல துணைகள். இந்த ஒழுங்கைக் கண்டு எழுதியவர் சாலிம் அலி. அவருக்கு உலகப் பறவையியலாளர் மத்தியில் பெயர் வாங்கிக் கொடுத்தது வேலையில்லாத அந்தக் காலம்தான்.

வேலையில்லாமலிருந்தால் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வீட்டை நடத்தியவர் தஹ்மினா. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கணவர் எழுதும் ஆங்கிலத்தை நேராக்கித் திருத்தியவர் அவர். பிறகு சாலிம் அலி சுதேச அரசுகளிடம் போய், எனக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவைத் தந்தால் உங்கள் நாட்டுப் பறவைகளை ஆராய்ந்து தருகிறேன் என்று சொல்லிக் காடு காடாக அலைந்தபோது கூடவே போனவரும் அவர்தான். 1930களின் தொடக்கத்தில் ஹைதராபாத், 1933இல் திருவிதாங்கூர். கூடாரமும் மாட்டுவண்டியும் அட்டைக்கடியுமாக இருந்த அந்தப் பயணங்களில், பம்பாயின் வசதியான குடும்பத்துப் பெண் ஒருவர் முகஞ்சுளிக்காமல் முகாமை நடத்தினார். பறவை பார்ப்பதில் அவருக்கும் விருப்பம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1939இல் ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்குப் பின் தஹ்மினா மௌத்தானார். அதோடு சாலிம் அலி நொறுங்கிப்போனார். பிள்ளைகளும் இல்லை. சகோதரி ஒருவரும் அவரது கணவரும் தங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டார்கள். மிகுதி வாழ்நாளில் பயணத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அவர் போய்ச் சேர்ந்தது அந்த வீட்டுக்குத்தான். மறுமணம் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வெளிவந்தது. நிறப்படங்களோடு யாரும் விளங்கிக்கொள்ளும்படி எழுதிய புத்தகம். 1942இல் சிறையிலிருந்த இந்திரா காந்திக்குத் தந்தை நேரு அனுப்பிய புத்தகங்களில் அதுவும் ஒன்று.

இனி முதற்கேள்விக்கு வருவோம். இந்தியாவின் வடமேற்கு மூலையில், கச்சு என்ற பிரதேசத்தில், பெரிய உப்புப் பாலைவனம் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் முழங்காலளவு உப்புத்தண்ணீர் நிற்கும்; காய்ந்தால் வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடக்கும். மனிதர் எளிதில் போக முடியாத அதன் நடுப்பகுதியில் பூநாரைகள் கூடு கட்டுகின்றன. சேற்றைக் குவித்து அடுப்புக்கட்டி போல உயர்த்தி, அதன் உச்சியில் ஒரேயொரு முட்டை. 1945இல் சாலிம் அலி அங்கே நேரில் போய்க் கணக்கெடுத்தார். கூடுகள் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். குஞ்சுகளோடு சேர்த்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் பறவைகள் என்று மதிப்பிட்டார். நம் களப்புக்கும் மன்னார்க் கரைக்கும் வரும் பூநாரைகள் பெரும்பாலும் அந்தக் கச்சுப் பக்கத்திலிருந்தே வருவதாகக் கருதுகிறார்கள். இங்கே அவை இரைதேடித்தான் வருகின்றன. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடித்து, பாசியையும் சின்ன இறாலையும் எடுக்கின்றன. அந்த இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்து ஏறுவதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு; அது சொல்லக் கசப்பானது. 1938 நவம்பர் 12ஆம் திகதி, சாலிம் அலிக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்த அதே நாளில், பரத்பூர் மகாராஜாவின் நீர்நிலையில் வைசிராய் லின்லித்கோவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 வாத்துகளையும் பிற பறவைகளையும் சுட்டுத் தள்ளினார்கள். அதே 1938ஆம் ஆண்டில்தான் இங்கே சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் பரத்பூர்ச் சதுப்பை வற்றவைத்து வயலாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, சாலிம் அலி நேருவிடம் வாதாடி அதைக் காப்பாற்றினார். இன்று அது உலகம் அறிந்த தேசியப் பூங்கா. சுண்டிக்குளம் தேசியப் பூங்காவானது 2015இல்.

காற்றுத் துப்பாக்கியில் தொடங்கிய மனிதர் துப்பாக்கியை ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்ததை அவர் மறைத்ததில்லை; அக்காலத்தில் இனங்களைப் பிரித்தறிய வேறு வழி குறைவு. ஆனால் உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. மறைக்காத குணத்துக்கு இன்னொரு சான்று: 1937இல் ஆப்கானிஸ்தானுக்கு அவரோடு பயணம் செய்த மைனட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய அதிகாரி, தன் நாட்குறிப்பில் அவரை மட்டந்தட்டி எழுதி வைத்திருந்தார். பிற்காலத்தில் அது சாலிம் அலியின் பார்வைக்கு வந்தது. அவர் அதைத் தன்னுடைய சுயசரிதையிலேயே எடுத்துப் போட்டார்.

மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950இல் சுவீடனில் பறவையியல் மாநாடு நடந்தபோது தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலேற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுவதும் ஓட்டித் திரிந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்கே சிலர் நம்பிவிட்டார்களாம்.

அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. நம் நாட்டையும் சேர்த்துக்கொண்ட நூல் அது. முதற்பதிப்பின் நீண்ட தலைப்பிலேயே சிலோன் என்று இருக்கும். சுண்டிக்குளத்தில் அன்று நாங்கள் கண்ட கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து எல்லாம் அதற்குள் உண்டு. சுலைமான் நபியின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவையும் உண்டு. அதுதான் நம் வரண்ட தரைகளில் கொண்டையை விரித்து நடக்கும் கொண்டலாத்தி.

பத்மபூஷண் 1958இல், பத்மவிபூஷண் 1976இல், மாநிலங்களவை நியமனம் 1985இல். பெரிய சர்வதேசப் பரிசொன்று கிடைத்தபோது அந்தப் பணத்தைச் சிறுவயதில் தான் குருவிப் பொட்டலத்தோடு போன அதே சங்கத்தின் பணிக்குக் கொடுத்தார். 1987இல், தொண்ணூறு வயதில் காலமானார்.

அந்த உம்மாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், சாலிம் அலிக்கு இந்த வழியில் வசதியான வருமானம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. மாமாவும் மனைவியும் சகோதரியும் தாங்கியிருக்காவிட்டால் அவர் எங்கேயோ கணக்கெழுதிக்கொண்டு இருந்திருப்பார். இன்று நிலைமை மாறியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது, வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது. ஆனாலும் மகள் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தைக் கோட்டை விடக் கூடாது என்பதில் நானும் அந்த உம்மாவின் பக்கம்தான். பட்டம் இல்லாததால் சாலிம் அலி இழந்த பதவியை அவளிடமும் சொன்னேன்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைய இருக்கும். விடியற்காலையில் போங்கள்; பளிச்சென்ற நிற உடுப்பு வேண்டாம்; போடப்பட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். பறவைகளின் கால்களையும் பாருங்கள். 1959இல் சாலிம் அலியின் சங்கம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, வலசைப் பறவைகள் நோய் கொண்டுவருகின்றனவா என்று அறியப் பெருமளவில் வளையமிடத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் கோடியக்கரையின் அருமையை அவர் உணர்ந்தார்; பின்பு அது அந்த வேலைக்கு முக்கிய நிலையமாயிற்று. கோடியக்கரை எங்கே இருக்கிறது? காங்கேசன்துறைக்கு வடக்கே சற்று மேற்காக, கடலுக்கு அப்பால், அறுபது கிலோமீற்றருக்குள். அங்கே வளையமிட்ட உள்ளான் ஒன்று இங்கே வந்து நம் களப்பில் இரை பொறுக்கக்கூடும். காலில் வளையமோ நிறக்கொடியோ கண்டால் எந்தக் கால், என்ன நிறம், எழுத்தோ எண்ணோ தெரிந்தால் என்ன என்று அங்கேயே எழுதிக்கொண்டு, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியல் குழுவுக்கு அறிவியுங்கள். அன்று எங்களில் யாருக்கும் வளையம் எதுவும் தெரியவில்லை. பூநாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன.